ஆளுக்கோர் ஊரில் இருந்து சேர்ந்து வாசிக்க: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பாடகர் ஓர் ஊரில், தாளக்காரர் இன்னோர் ஊரில், கீபோர்டு மூன்றாவது ஊரில். இப்படிப் பிரிந்திருக்கும் குழுக்கள் எல்லாம் முதலில் கேட்பது, இணையத்தில் சேர்ந்து வாசிக்க எந்த ஆப் நல்லது என்பதைத்தான். ஆப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஒலி அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேர எத்தனை மில்லி வினாடி ஆகிறது, நீங்கள் வாசிக்கும் இசை அந்தத் தாமதத்தைத் தாங்குமா என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த வழி என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

வழிகள் நான்கு. ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப் போன்றவற்றில் அதே நொடியில் சேர்ந்து வாசிப்பது. நிஞ்ஜாமில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தள்ளி வாசிப்பது. அவரவர் இடத்தில் தனியாகப் பதிந்து ஃபைல்களை அனுப்பிக்கொள்வது. ஜூம் போன்ற வீடியோ அழைப்பில் மாறி மாறி வாசிப்பது.

## எதை வைத்து எடை போடுவது

தாமதம். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லி வினாடிக்கு 34 சென்டிமீட்டர். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் ஒலி 10 மில்லி வினாடி கழித்துத்தான் உங்களுக்குக் கேட்கிறது. அது யாருக்கும் உறுத்துவதில்லை. 25 மில்லி வினாடி என்பது எட்டரை மீட்டர் இடைவெளி. ஒருவழித் தாமதம் 20 முதல் 30-ஐத் தாண்டும்போது சிக்கல் தொடங்குகிறது. இவர் அவருடைய அடிக்காகக் காத்திருக்கிறார், அவர் இவருடைய அடிக்காகக் காத்திருக்கிறார், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) இறங்கிக்கொண்டே போகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் கிறிஸ் சேஃபும் குழுவினரும் இருவரைத் தனித்தனி அறைகளில் வைத்துக் கைதட்டச் சொல்லி இதைச் சோதித்தார்கள். தாமதம் மிகக் குறைவாக இருந்தபோது வேகம் ஏறியது, கூடக்கூட இறங்கியது. கிட்டத்தட்ட 10, 12 மில்லி வினாடியில்தான் லயம் நிலையாக நின்றது.

தாமதத்தின் ஏற்ற இறக்கம். சராசரி குறைவாக இருந்தால் மட்டும் போதாது. அவ்வப்போது ஒரு துண்டு மட்டும் 80 மில்லி வினாடி தாமதித்து வந்தால், அந்த இடத்தில் ஒலி பொரியும், அறுந்து அறுந்து கேட்கும்.

இசையின் தன்மை. நீண்ட கார்வைகள் (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்கள்) உள்ள மெதுவான பாட்டு 40 மில்லி வினாடியைக்கூடத் தாங்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அடிக்கு நான்கு சொற்கள் (தாள வாத்தியத்தில் விழும் தனித்தனித் தட்டுகள்) விழுந்தால், ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 125 மில்லி வினாடிதான். அதில் 25 போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தாள வாத்தியத்தின் கூர்மையான சொற்கள் இந்தப் பிசகை உடனே காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் கையில் என்ன வேண்டும். ஒத்திகையா, வெளியிடும் தரத்தில் ஒரு பதிவா, பாடம் நடத்துவதா? மூன்றுக்கும் ஒரே வழி சரிவராது.

வெளியே தெரியாத செலவு. மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), வயருள்ள ஹெட்போன், ஈதர்நெட் கேபிள், சர்வர் வாடகை, எல்லாவற்றையும்விட மிக்ஸ் செய்பவரின் மணிநேரங்கள், இவை இலவசமல்ல.

## முதலில் அளந்து பாருங்கள்

கணினியை ஈதர்நெட் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். சேரப்போகும் சர்வரின் முகவரிக்குப் பிங் கட்டளையை 200 முறை ஓட விடுங்கள். வரும் எண் போய்த் திரும்பும் நேரம். அதில் பாதிதான் ஒருவழி. சராசரி 18 என்றால் ஒருவழிக்கு 9 மில்லி வினாடி. பிறகு மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் பாருங்கள். 17-க்கும் 21-க்கும் நடுவே நின்றால் நல்ல இணைப்பு. இடையிடையே 80, 120 என்று தாவினால் முதல் சந்தேகம் வைஃபை மீது. அடுத்தது, அதே வீட்டில் யாரோ வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது ஒரு போன் படங்களைக் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்லோடு பாதை நிரம்பினால் பிங் பல மடங்கு ஏறும்.

மொத்தத் தாமதத்தைக் கூட்டிப் பார்ப்பது எளிது. 48,000 சாம்பிள் ரேட்டில் (ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளப்பது) 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டு) என்பது 2.7 மில்லி வினாடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஆக 5.3. இன்டர்ஃபேஸும் டிரைவரும் சேர்ந்து 2 முதல் 4. நெட்வொர்க், நேர் இணைப்பு என்றால், 9 (நடுவில் சர்வர் இருந்தால், சர்வரிலிருந்து அடுத்தவருக்குப் போகும் நேரத்தையும் கூட்டுங்கள்). ஏற்ற இறக்கத்தை உள்வாங்கும் ஜிட்டர் பஃபர் 5 அல்லது 6. மொத்தம் 22, 24. இது வாசிக்கக்கூடிய எண். இதே ஆள் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால் அது ஒன்றே 100 முதல் 200 வரை கூட்டிவிடும்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஃபைபரில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். 200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி வினாடி. 1,000 கிலோமீட்டருக்கு ஐந்துதானே என்று தோன்றும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரவுட்டர்கள் வேறு. நடைமுறையில் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் ஆகும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணையம் வருகிறதென்றால், ஒருவழிக்கே சுமார் 240 மில்லி வினாடி. அதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. அந்த உறுப்பினர் இருக்கும் குழு முதல் வழியை மறந்துவிடலாம்.

## வழி 1: அதே நொடியில் சேர்ந்து வாசிப்பது

மூன்று மென்பொருள்களும் இலவசம். மூன்றும் ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி, எதிர்முனை பெற்றதா என்று காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வேறுபாடு அமைப்பில் இருக்கிறது.

ஜாமுலஸ் 2006-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். நடுவில் ஒரு சர்வர் இருக்கும். எல்லோருடைய ஒலியும் அங்கே போய்க் கலந்து திரும்பி வரும். மொத்தத் தாமதத்தைத் திரையிலேயே எண்ணாகக் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கும் உண்டு. பொதுச் சர்வர்களில் முன்பின் தெரியாதவர்களும் நுழைவார்கள் என்பதால், ஒத்திகைக்குச் சொந்தச் சர்வர் வைத்துக்கொள்வது நல்லது. வாடகைச் சர்வர் எடுத்தால் எல்லா உறுப்பினர்களுக்கும் நடுவாக இருக்கும் இடமாகப் பாருங்கள். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இருவர் 1,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வரில் சேர்ந்தால், ஒலி அவ்வளவு தூரமும் போய்த்தான் திரும்பும்.

ஜாமுலஸில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ஒலியை நீங்களும் சர்வரிலிருந்து திரும்பி வரும் கலவையில்தான் கேட்க வேண்டும். இன்டர்ஃபேஸில் நேராகக் கேட்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நேராகக் கேட்டுக்கொண்டு வாசித்தால், தாமதித்து வரும் மற்றவர்களோடு உங்கள் அடியைப் பொருத்துவீர்கள். அந்த அடி சர்வருக்குப் போய்ச் சேரும்போது இன்னும் தாமதமாகியிருக்கும். எல்லோரும் இதையே செய்ய, பாட்டு தொய்ந்துவிடும். திரும்பி வரும் ஒலியைக் கேட்டால் கை தானாகவே ஒரு துளி முன்கூட்டி விழப் பழகும். பாடகர்களுக்கு இது கடினம். சொந்தக் குரல் எலும்பு வழியாகவும் கேட்கும் அல்லவா? காதை முழுக்க மூடும் ஹெட்போன் போட்டு, தன் குரலின் அளவை மிக்ஸில் கூட்டிக்கொள்வது உதவும்.

விண்டோஸில் ஏஸியோ டிரைவர் (குறைந்த தாமதத்தில் ஒலியைக் கையாளும் மென்பொருள்) வேண்டும். இன்டர்ஃபேஸோடு வரும் டிரைவரே நல்லது. அது இல்லாமல் பொதுவான ஏஸியோ4ஆல் போட்டால் ஓடும், ஆனால் பஃபரை அந்த அளவுக்கு இறக்க முடியாமல் போகலாம்.

சோனோபஸில் நடுச் சர்வர் ஒலியைத் தொடுவதில்லை. ஆளுக்கு ஆள் நேர் இணைப்பு. இருவர் மூவருக்கு இதுவே குறைந்த தாமதம் தரும். போனிலும் ஓடும், ஒவ்வொருவரையும் தனித்தனி டிராக்காகப் பதியும். ஆனால் ஆள் கூடக்கூட அப்லோடு பெருகும். அமுக்காத 16 பிட் ஸ்டீரியோ ஒலி ஓர் இணைப்புக்கு 1.5 மெகாபிட். ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரும் நான்கு பேருக்கு அனுப்ப வேண்டும்: 6 மெகாபிட்டுக்கு மேல். வீட்டு இணைப்புகள் பலவற்றில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் மிகக் குறைவு என்பதை மறக்க வேண்டாம். அப்போது ஓபஸ் முறையில் அமுக்கி அனுப்புங்கள். ஒலி மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஜாக்ட்ரிப் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. அமுக்காத ஒலி, மிகக் குறைந்த தாமதம். ரவுட்டரில் போர்ட் திறப்பது முதல் எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பல்கலைக்கழகம் போன்ற வேகமான நெட்வொர்க் உள்ள இடங்களுக்கு ஏற்றது. வீட்டில் இருந்து வாசிப்பவர்கள் ஜாமுலஸிலோ சோனோபஸிலோ தொடங்கலாம்.

தாமதம் 40, 60 என்று நின்றுவிட்டால் ஒரு மாற்று உண்டு. தாளக்காரர் மற்றவர்களின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, கிளிக்கை (மெட்ரோனோம் தட்டும் ஒலியை) மட்டும் கேட்டு வாசிக்கட்டும். அவர் ஒலியைக் கேட்டு இரண்டாமவர் வாசித்து, இரண்டையும் சேர்த்து மூன்றாமவருக்கு அனுப்பட்டும். சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கு எல்லாம் ஒன்றாகக் கேட்கும். அவர் இடத்திலிருந்தே நேரலையாக ஒளிபரப்பலாம். இழப்பு பெரிது: முன்னால் இருப்பவருக்குப் பின்னால் வருபவர் என்ன வாசித்தார் என்பதே தெரியாது.

## வழி 2: ஓர் ஆவர்த்தனம் தள்ளி வாசிப்பது

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் தரும் காக்கோஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நிஞ்ஜாம், தாமதத்தைக் குறைக்க முயலவே இல்லை. அதை நீட்டி, சரியாக ஒரு சுற்றின் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நீங்கள் இந்த ஆவர்த்தனத்தில் வாசிப்பது மற்றவர்களுக்கு அடுத்த ஆவர்த்தனத்தில் கேட்கும். அவர்கள் வாசித்ததும் உங்களுக்கு அப்படியே. சமம் (சுற்றின் முதல் அடி) சமத்தோடு பொருந்திவிடுவதால் காதுக்கு எல்லாம் ஒட்டியே இருக்கும்.

சுற்றின் நீளம்: அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால் வகுங்கள். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் 8 அடிச் சுற்று 8 வினாடி. 80 வேகத்தில் 32 அடி என்றால் 24 வினாடி, இது நீளம். 8 முதல் 16 வினாடிக்குள் வைத்துக்கொண்டால் கொடுக்கல் வாங்கல் உயிரோடு இருக்கும். நீங்கள் போட்ட ஒரு சொற்கட்டுக்கு வந்த பதில், இரண்டு சுற்று கழித்துத்தான் உங்கள் காதுக்கு வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வைஃபை, மொபைல் டேட்டா, செயற்கைக்கோள், எதுவும் தடையில்லை. ஒரு சுற்று முழுக்க அவகாசம் இருக்கிறதே. சுற்றிச் சுற்றி வரும் தாளத்தில் மனோதர்மமாக வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்றே சொல்வேன். இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது வருத்தம்தான்.

வேலை செய்யாத இடங்கள்: பல்லவி, சரணம் என்று மாறிக்கொண்டே போகும் பாட்டு, நடுவில் வேகம் மாறுவது, எல்லோரும் ஒரே அடியில் முடிப்பது. ஸ்வர அடுக்கு (கார்டு) மாறும் சுற்றில், உங்கள் புதிய அடுக்கின் மேல் மற்றவர்களின் பழைய அடுக்கு கேட்டு மோதும். பழக இரண்டு மூன்று அமர்வுகள் பிடிக்கும். அதுதான் இதன் செலவு.

## வழி 3: தனித்தனியாகப் பதிந்து ஃபைல் அனுப்புவது

ஆப் எது என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். வெளியிடப் பாட்டு வேண்டும் என்றால் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை. இணையம் வெறும் தபால். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர் 2010-இல் 12 நாடுகளிலிருந்து 185 பேரின் குரல்களை இப்படித்தான் ஒரே பாடற்குழுவாக்கினார்.

ஒழுங்கு தவறினால் மட்டும் படுத்தி எடுத்துவிடும்.

1. ஒருவர் வழிகாட்டி டிராக் செய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்: கிளிக், இரண்டு சுற்று முன்னெண்ணிக்கை, தோராயமாகப் பாடிய குரல். வேகத்தையும் சுருதியையும் எழுதியே அனுப்புங்கள்.
2. எல்லோரும் 48,000 சாம்பிள் ரேட், 24 பிட், வேவ் ஃபைல். மோனோவில் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், ஐந்து நிமிடப் பாட்டு ஒரு டிராக்குக்கு 43 மெகாபைட்.
3. மூன்றாவது நிமிடத்தில்தான் புல்லாங்குழல் நுழைகிறது என்றாலும், ஃபைல் வழிகாட்டியின் பூஜ்ய வினாடியிலிருந்தே தொடங்க வேண்டும். முன்னால் மௌனம் இருக்கட்டும்.
4. எதிரொலி, கம்ப்ரஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எதுவும் சேர்க்காத பதிவு. உச்சம் −6 டெசிபெல் அருகே.
5. ஃபைல் பெயரில் பாட்டு, வேகம், வாத்தியம், எத்தனையாவது பதிப்பு, நான்கும் இருக்கட்டும். "புதுசு கடைசி 2" என்ற பெயரில் வந்தவற்றைப் பிரிக்கவே ஒரு மாலை போய்விடும்.

எங்கே பிசகும்? 44,100-இல் பதிந்ததை மென்பொருள் 48,000 என்று எடுத்துக்கொண்டால், பாட்டு 8.8 சதவீதம் வேகமாக ஓடும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். எம்பி3-ஆக அனுப்பினால், அமுக்கும் முறை முன்னால் சேர்க்கும் வெற்றிடத்தால் டிராக் சுமார் 25 மில்லி வினாடி பின்தங்கலாம். சில மென்பொருள்கள் இதைச் சரிசெய்யும், சில செய்யாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருடைய டிராக் மட்டும் எப்போதும் பின்னாலேயே விழுகிறதா? அவர் இன்டர்ஃபேஸின் வெளிவழியை ஒரு கேபிளால் உள்வழியோடு இணைத்து, கிளிக்கை ஓடவிட்டுப் பதியச் சொல்லுங்கள். பதிந்த கிளிக் எத்தனை சாம்பிள் தள்ளி விழுகிறதோ, அந்த எண்ணை மென்பொருளின் பதிவுத் தாமத அமைப்பில் ஒருமுறை போட்டால் போதும்.

நீளமான பதிவில் இன்னொன்று. இரு கருவிகளின் உள்கடிகாரங்கள் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற சிறு வேறுபாடுகூட ஐந்து நிமிடத்தில் 15 மில்லி வினாடி, அரை மணியில் 90. தொடக்கத்தில் பொருந்திய போன் வீடியோ முடிவில் உதடு ஒட்டாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பாட்டுக்குப் பாட்டு வெட்டித் தனியாகப் பொருத்துங்கள்.

இதில் மறைந்திருக்கும் பெரிய செலவு மிக்ஸ் செய்பவருடையது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் தந்தால், அவர் நாள்கணக்கில் உட்காருகிறார். வருமானம் வந்தால் அவருக்கு என்ன பங்கு என்பதை முதல் ஃபைல் போகும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இசைவழி இழப்பும் உண்டு: பாடகர் இழுத்தால் கூடவே இழுக்கும் துணை கிடைக்காது. தாளக்கட்டு இல்லாத பகுதிகளில் பாடகரை முதலில் கிளிக் இல்லாமல் பாடவிட்டு, அதன் மேல் மற்றவர்கள் வாசிப்பதே சரி.

## வழி 4: வீடியோ அழைப்பு

சேர்ந்து வாசிக்க உதவாது. பாடத்துக்கும் பேச்சுக்கும் உதவும். இவை பேச்சுக்காகச் செய்தவை என்பதால், மாறாமல் நீடிக்கும் ஒலியைச் சத்தம் என்று எண்ணித் துடைக்கும். முதலில் பலியாவது தம்புரா. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி வசதியை இயக்கி, உயர்தர ஒலியைத் தேர்ந்தெடுத்து, எதிரொலி நீக்கத்தை அணையுங்கள். அணைத்தபின் ஹெட்போன் கட்டாயம், இல்லையேல் ஒலி சுற்றிச் சுற்றி வரும். சுருதியும் கிளிக்கும் மாணவர் பக்கத்தில் ஓடட்டும். ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாடட்டும். மாணவர் தாளம் பிசகுகிறாரா என்று பார்க்க, அவர் பக்கத்துக் கிளிக்கோடு சேர்த்துக் கேளுங்கள். உங்கள் கைத்தாளத்தோடு ஒப்பிட்டால் தப்பாகத்தான் தெரியும். இலவசக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கு 40 நிமிட வரம்பு உண்டு.

## ஒரே பார்வையில்

| | நேரடி | நிஞ்ஜாம் | ஃபைல் பரிமாற்றம் | வீடியோ அழைப்பு |
|---|---|---|---|---|
| தாங்கும் ஒருவழித் தாமதம் | 25 மி.வி. வரை | வரம்பில்லை | பொருட்டில்லை | மாறி மாறி என்றால் பிரச்சினையில்லை |
| வைஃபை போதுமா | போதாது | போதும் | போதும் | போதும் |
| ஆள் எண்ணிக்கை | சோனோபஸ் 2–4. ஜாமுலஸில் கூடுதல் | 2–6 வசதி | எத்தனை பேரும் | பாடத்துக்கு இருவர் |
| பதிவின் தரம் | நடுத்தரம் | நடுத்தரம் | மிக நன்று | குறைவு |
| மறைந்த செலவு | இன்டர்ஃபேஸ், கேபிள், சர்வர் | பழகும் காலம் | மிக்ஸ் செய்பவரின் நேரம் | நேர வரம்பு, ஒலி இழப்பு |

## எந்த நிலைமைக்கு எது

எல்லோரும் சில நூறு கிலோமீட்டருக்குள், ஃபைபர் இணைப்பில், கேபிள் இழுக்கத் தயார் என்றால் ஜாமுலஸ். இருவர் மட்டும் என்றால் சோனோபஸ். ஒருவர் கடல் கடந்து இருக்கிறார், ஆனால் ஜாம் செய்யத்தான் ஆசை என்றால் நிஞ்ஜாம். பாட்டு வெளியிட வேண்டும் என்றால் தயங்காமல் ஃபைல் பரிமாற்றம். மற்ற மூன்றும் அதற்கு முன்னால் நடக்கும் ஒத்திகை. பாடத்துக்கு வீடியோ அழைப்பு.

சேர்ந்து வாசிக்கும் உயிர்ப்பும் வேண்டும், பதிவும் நன்றாக வேண்டும் என்பவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் இணைக்கலாம். சொந்த ஜாமுலஸ் சர்வரில் பதிவை இயக்குங்கள். அது ஒவ்வொருவரையும் தனி டிராக்காகப் பதிந்து, ரீப்பரில் திறக்கக்கூடிய ஒரு புராஜெக்ட் ஃபைலும் தரும். அதே நேரம் ஒவ்வொருவரும் தன் கணினியில் 48,000, 24 பிட்டில் தன்னைத் தனியாகப் பதிந்துகொள்ளட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஆளுக்கு ஒரு கைதட்டு. பிறகு அவரவர் அனுப்பும் சுத்தமான டிராக்கை, சர்வர் பதிந்த அவருடைய டிராக்குக்குக் கீழே வைத்து, கைதட்டின் முனையைப் பார்த்து நகர்த்திப் பொருத்துங்கள். முடிவில் உள்ள கைதட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் கடிகார வேறுபாடு. அந்த டிராக்கை மட்டும் சுருதி மாறாமல் நீட்டவோ குறுக்கவோ செய்யலாம். எல்லாம் பொருந்தியபின் சர்வர் டிராக்குகளை ஒலியில்லாமல் அணைத்துவிட்டு, சுத்தமான டிராக்குகளை மட்டும் வைத்து மிக்ஸைத் தொடங்குங்கள்.